பிராக்: விடியல் முதல் அந்தி வரை

"பிராகுக்கு எங்களிடம் ஒரு நாள்தான் இருக்கிறது, என்னென்ன பார்க்கலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்? பழைய நகரம் கைக்கடக்கமானது. சார்லஸ் பாலத்திலிருந்து கடிகாரக் கோபுரத்துக்குப் பத்து நிமிட நடை. தூரம் இங்கே சிக்கலே இல்லை, கூட்டம்தான் சிக்கல். காலை 10 மணிக்குப் பாலத்தில் ஏறியவர் பார்ப்பது முன்னால் போகிறவரின் முதுகை. அதே பாலத்தில் விடியலில் நின்றவருக்கு ஆறும் சிலைகளும் மலைமேல் கோட்டையும் முழுசாகக் கிடைக்கும். அதனால் இந்த அத்தியாயத்தை இடங்களின் வரிசையில் எழுதவில்லை, நேரத்தின் வரிசையில் எழுதியிருக்கிறேன்.

புறப்படும் முன் பணம், பயணச்சீட்டு இரண்டையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே நாணயம் யூரோ அல்ல, கொருனா. முதல் முறை போனபோது, பழைய நகரில் ஒரு நாணய மாற்றுக் கடையின் 'கமிஷன் இல்லை' பலகையை நம்பி 100 யூரோ நீட்டினேன். கைக்கு வந்தது, வங்கி விலைக்குக் கிடைத்திருக்க வேண்டியதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தனியாகக் கமிஷன் வாங்கவில்லை, மாற்று விலையிலேயே எடுத்துக்கொண்டார்கள். 2019 முதல் சட்டம் பயணிக்குத் துணையாக இருக்கிறது. 1,000 யூரோ வரையான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு திரும்பிப் போய் ரத்து செய்யலாம். அதைவிட நல்லது, அந்தக் கடைகளின் பக்கமே போகாமல் வங்கி ஏடிஎம்மில் எடுப்பது. 'உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடட்டுமா?' என்று திரை கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கொருனாவிலேயே கணக்கு நடக்கட்டும்.

டிராம், மெட்ரோ, பஸ் மூன்றுக்கும் ஒரே சீட்டு. ஒரு நாளைக்கு 24 மணி நேரச் சீட்டு போதும். காகிதச் சீட்டு என்றால், முதல் பயணம் தொடங்கும்போது சிறிய மஞ்சள் இயந்திரத்தில் செருகி நேரம் அச்சிட வேண்டும். அச்சிடாத சீட்டு பையில் இருந்தும் பயனில்லை, பரிசோதகர் அபராதம் போடுவார். மெட்ரோ வாசலில் தடுப்புக் கதவு எதுவும் இல்லை என்பதால் நம்மவர்கள் பலர் அச்சிட மறந்து உள்ளே போய்விடுகிறார்கள்.

காலணி பற்றியும் ஒரு வார்த்தை. பழைய நகரின் தெருக்கள் எல்லாம் சிறு கற்கள் பதித்தவை. மெல்லிய அடியுள்ள செருப்போடு மதியம் வரை நடந்தால் பாதம் சொல்லிவிடும்.

பாலம், சூரியனோடு

ஜூனில் இங்கே 5 மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். டிசம்பரில் 8 மணி ஆகும். எந்த மாதமானாலும் உதயத்துக்கு அரை மணி முன்பே பழைய நகரப் பக்கத்துக் கோபுரத்தடியில் இருங்கள். உங்கள் முதுகுப் பக்கம் கிழக்கு. வெளிச்சம் உங்களைத் தாண்டிப் போய் எதிர்க்கரைக் கோட்டையில்தான் முதலில் விழும்.

இந்தப் பாலத்துக்கு நான்காம் சார்லஸ் 1357ல் அடிக்கல் இட்டார். 9ஆம் தேதி, 7ஆம் மாதம், காலை 5:31 என்று முகூர்த்தம் குறித்ததாகவும், எண்களை வரிசையாக எழுதினால் 1-3-5-7-9-7-5-3-1 என்று ஏறி இறங்குவதாகவும் ஊரில் சொல்வார்கள். ஆண்டு உறுதி, நிமிடம் வரை நம்ப வேண்டியதில்லை. நாள் பார்த்துக் கல் வைக்கும் பழக்கம் நமக்கு அந்நியமானதில்லை என்பதால் அந்தக் கதை எனக்குப் பிடிக்கும். பதினாறு வளைவுகள், அரை கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம். 1870 வரை இதற்குப் பெயர் வெறும் 'கல் பாலம்'.

இரு பக்கமும் சேர்த்து முப்பது சிலைகள். எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம், இரண்டின் முன் மட்டும் நில்லுங்கள்.

பழைய நகரிலிருந்து நடக்கும்போது இடப்பக்கம் ஐந்தாவது சிலை பிரான்சிஸ் சேவியர். நாம் சவேரியார் என்று அழைக்கும் அதே புனிதர்தான். 1542ல் கோவாவுக்கு வந்து, அதே ஆண்டில் முத்துக்குளித்துறைக்குப் போய்ப் பரதவர் ஊர்களில் நடந்தவர், ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடமாகச் சொன்னவர். அவரை 1711ல் ஃபெர்டினாண்ட் ப்ரோகோஃப் என்ற சிற்பி இந்த ஆற்றின் மேல் நிறுத்தினார். கிட்டே போய்ப் பாருங்கள். சவேரியாரின் கை உயர்ந்திருக்கிறது, அவர் முன்னால் ஓர் இந்திய இளவரசன் ஞானஸ்நானத்துக்கு மண்டியிட்டிருக்கிறான். கீழே, கீழைத் தேசத்தவர் எனச் சிற்பி மனத்தில் கண்ட ஆண்கள் மொத்தப் பாரத்தையும் தாங்கி நிற்கிறார்கள். முதுகு வளைந்திருப்பதையும் தசை இறுகியிருப்பதையும் விடியலின் சாய்ந்த ஒளியில் நன்றாகப் பார்க்கலாம். மணப்பாட்டுக் கடற்கரையில் சவேரியார் பெயரைக் கேட்டு வளர்ந்த ஒருவர் இங்கே நின்றால் என்ன நினைப்பார் என்று ஒவ்வொரு முறையும் யோசிக்கிறேன். மேலே நிற்பவரை அவருக்குத் தெரியும். கீழே தாங்குகிறவர்கள் யாருடைய சாயலிலும் இல்லை, கேட்ட கதையிலிருந்து செதுக்கப்பட்டவர்கள். 1890 வெள்ளத்தில் பாலத்தின் மூன்று வளைவுகள் இடிந்தபோது மூலச் சிலை ஆற்றில் விழுந்தது. இப்போது இருப்பது 1913ல் வைத்த நகல்.

இரண்டாவது, வலப்பக்கம் எட்டாவது. தலையைச் சுற்றி ஐந்து நட்சத்திரம் கொண்ட நெபோமுக் யோவான். பாலத்துச் சிலைகளில் மூத்தது, 1683ல் வைத்தது. அரசியின் பாவசங்கீர்த்தனத்தை வெளியே சொல்ல மறுத்ததால் மன்னன் இவரை ஆற்றில் எறியச் செய்தான் என்பது கதை. மன்னனுக்கும் பேராயருக்கும் ஒரு மடத்தின் தலைவர் நியமனத்தில் வந்த மோதலில் இவர் சிக்கிக்கொண்டார் என்பது வரலாறு. 1393ல் ஆற்றில் எறிந்தது மட்டும் இரண்டிலும் பொது. பீடத்து வெண்கலப் பலகையில் இரண்டு இடங்கள் தங்கம் போல மின்னும், மற்றதெல்லாம் கறுத்திருக்கும். தொட்டால் திரும்ப வருவோம் என்ற நம்பிக்கையில் வருகிறவர்கள் தொட்டுத் தொட்டுத் தேய்த்த இடங்கள் அவை. 8 மணிக்கு மேல் இதற்கு வரிசை நிற்கும், இப்போது யாரும் இல்லை.

கோட்டைக்கு ஏறாதீர்கள், இறங்குங்கள்

பாலத்தைக் கடந்தால் மாலா ஸ்ட்ரானா, அதாவது சிறு நகர். ஏதாவதொரு பேக்கரியில் காபியும் ரொட்டியும் முடித்துக்கொண்டு, மாலோஸ்ட்ரான்ஸ்கே நாம்யெஸ்தீ என்ற சதுக்கத்தில் 22ஆம் எண் டிராம் பிடியுங்கள். (இந்த டிராமில் பயணிகள் அதிகம், பிக்பாக்கெட்காரர்களும் அதிகம். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.) பெரும்பாலோர் 'கோட்டை' நிறுத்தத்தில் இறங்குவார்கள். நீங்கள் இன்னும் மேலே போய்ப் போஹோர்ஷெலெட்ஸில் இறங்குங்கள். ஸ்ட்ராஹோவ் மடத்தின் பின்புறத் திண்ணையிலிருந்து சிவப்பு ஓட்டுக் கூரைகளும் வல்டாவா ஆறும் மொத்தமாகத் தெரியும். அங்கிருந்து கோட்டைக்கு இறக்கமான நடைதான். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு இந்த ஒரு யோசனையே நாளைக் காப்பாற்றும்.

கோட்டை வளாகத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை, பாதுகாப்புச் சோதனை இருக்கலாம். கட்டடங்களுக்குள் போகத்தான் சீட்டு. காலை 9 மணிக்குத் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேராலயத்தில் நண்பகல் வரை வழிபாடு நடக்கும், பயணிகளுக்கு அதன் பிறகே அனுமதி. எனவே உங்கள் ஒரு நாள் ஞாயிறாக இருந்தால் இந்த அத்தியாயத்தைத் தலைகீழாக்குங்கள்: முதலில் பழைய நகரம், மதியம் கோட்டை. பழுதுபார்ப்புக்காகச் சில பகுதிகளை மூடிவைப்பதும் உண்டு. எது திறந்திருக்கிறது என்று சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள்.

புனித விட்டுஸ் பேராலயம் 1344ல் தொடங்கி 1929ல் முடிந்தது. நடுவில் போர்களும் வறட்சியான நூற்றாண்டுகளும் வந்து வேலை நின்றது. நீங்கள் நுழையும் மேற்கு வாசலும் இரட்டைக் கோபுரமும் புதியவை. உள்ளே கிழக்கு நோக்கி நடக்க நடக்கக் காலத்தில் பின்னோக்கிப் போகிறீர்கள். இடப்பக்கச் சன்னல்களில் ஒன்று அல்ஃபோன்ஸ் முஹா வரைந்தது, நூறு ஆண்டுகூட ஆகாதது. சற்று தள்ளி வலப்பக்கம் உள்ள வென்செஸ்லாஸ் சிற்றாலயத்தின் சுவரில் மெருகேற்றிய மணிக்கற்களைப் பதித்தவர்கள் 14ஆம் நூற்றாண்டினர். அதன் மூலையில் உள்ள கதவு, மணிமுடி வைத்திருக்கும் அறைக்குப் போகும் வழி. அந்த அறைக்கு ஏழு பூட்டுகள், ஏழு சாவிகள், சாவிகளை வைத்திருப்போரும் ஏழு பேர். எல்லோரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். வெளியே வந்து தெற்குப் பக்கம் சுற்றினால் தங்க வாசல். அதன் மேல் 1370களின் தொடக்கத்தில் கண்ணாடித் துண்டுகளால் செய்த இறுதித் தீர்ப்புக் காட்சி.

பழைய அரண்மனையில் வ்ளாடிஸ்லாவ் மண்டபத்தின் கூரையை அண்ணாந்து பாருங்கள். கல் விலா எலும்புகள் பூவிதழ் போல விரியும். மழை நாளில் உள்ளேயே குதிரைப் போட்டி நடத்துவதற்கென்று, குதிரை ஏறும் அளவுக்குப் படிகளை அகலமாகக் கட்டியிருக்கிறார்கள். பக்கத்து அறையின் சன்னல் வழியாகத்தான் 1618 மே 23 அன்று இரண்டு அரசப் பிரதிநிதிகளையும் ஓர் எழுத்தரையும் கலகக்காரர்கள் வெளியே தள்ளினார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அதைத் தொடர்ந்து மூண்ட போர் முப்பது ஆண்டு நீண்டது. பொற்சந்தின் சிறு வீடுகளில் 22ஆம் எண்ணில் 1916-17 குளிர்காலத்தில் காஃப்கா உட்கார்ந்து எழுதினார். சந்து குறுகல், நேரமோ 11 ஆகியிருக்கும். கூட்டம் அடைத்தால் விட்டுவிட்டு நடங்கள்.

கிழக்கு வாசல் வழியாகப் பழைய கோட்டைப் படிகளில் இறங்கினால் மாலோஸ்ட்ரான்ஸ்கா மெட்ரோ. அதன் பக்கத்தில் வாலன்ஸ்டைன் தோட்டம், ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இலவசம். செனட் சபையின் தோட்டமான இங்கே மயில்கள் பயமின்றி உலவும். கால் ஆற இதைவிட நல்ல இடம் இல்லை.

சாப்பாடு

சதுக்கத்தைப் பார்த்த மேசைகளில் உட்காராதீர்கள். இரண்டு தெரு தள்ளிப் போனால் வார நாட்களில் 'பொலெட்னி மெனு' என்ற மதியச் சாப்பாட்டுப் பட்டியல் எழுதி வைத்திருப்பார்கள். அலுவலகம் போகிறவர்கள் சாப்பிடுவது அதுதான், விலையும் குறைவு.

மாட்டிறைச்சியோ பன்றியோ சாப்பிடாதவர்கள் மூன்று சொற்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'ஹொவ்யெஸீ' மாடு, 'வெப்ர்ஷோவே' பன்றி, 'குர்ஷெட்ஸீ' கோழி. 'பெஸ் மஸா' என்றால் இறைச்சி இல்லாமல். ஸ்விச்கோவா என்ற புகழ்பெற்ற பதார்த்தம், காய்கறி அரைத்து க்ரீம் சேர்த்த மஞ்சள் குழம்பாகப் பார்வைக்குத் தெரியும். உள்ளே இருப்பது மாட்டிறைச்சி. சைவம் என்றால் துருவிய உருளைக்கிழங்கில் பூண்டு சேர்த்துத் தட்டிப் பொரிக்கும் ப்ரம்போராக், ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டி இரண்டும் எங்கும் கிடைக்கும். காளானும் உருளைக்கிழங்கும் சோயிக்கீரையும் போட்ட குலாய்தா என்ற புளிப்பு சூப்பைக் குளிர்நாளில் விடாதீர்கள். மேலே ஒரு முட்டை மிதக்கும். இறைச்சி வேகவைத்த நீரில் செய்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது, ஒரு பாட்டிலை நாள் முழுவதும் நிரப்பிக்கொள்ளலாம். உள்ளே நுழையும்போது 'டோப்ரீ டென்' என்று வணக்கம் சொல்லிவிட்டால் பரிமாறுகிறவரின் முகம் மாறும்.

மதியம்: பெயர்கள்

மானெஸ் பாலம் வழியாக ஆற்றைத் திரும்பக் கடந்தால் முதலில் வருவது யான் பாலாக் சதுக்கம். ஓரத்தில் உள்ள பெரிய கட்டடம் சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலம். பல்கலைக்கழகம் 1348ல் தொடங்கியது. 1927ல் இந்த நகரில் பிறந்து, இந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர் கமில் சுவெலபில். 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் நகருக்குள் வந்தன. அதன் பின் அவர் நாட்டைவிட்டுப் போய், கடைசியில் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தார். தமிழ் இலக்கியத்தை மேற்குலகுக்குச் சொல்லும் 'முருகனின் புன்னகை' நூல் 1973ல் ஆங்கிலத்தில் வந்தது. சதுக்கத்துக்குப் பெயர் தந்த பாலாக், இந்தக் கலைப்புலத்தின் மாணவர். அதே படையெடுப்பை மக்கள் மெல்ல ஏற்றுக்கொள்வது கண்டு, 1969 ஜனவரியில் தீக்குளித்து இறந்தார். கட்டடத்து மூலையில் அவருடைய முகம் வெண்கலத்தில் இருக்கிறது.

அங்கிருந்து சில அடிகளில் பிங்காஸ் தொழுகைக்கூடம். சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களிலும் மூடியிருக்கும். ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். உள்ளே சிலையும் இல்லை, படமும் இல்லை, சுவர் முழுக்கப் பெயர்கள் மட்டும். பொஹேமியா, மொராவியா பகுதிகளில் நாஜிகள் கொன்ற ஏறத்தாழ 80,000 யூதர்களின் பெயர்கள், ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாக, கையால் எழுதியவை. குடும்பப்பெயர் சிவப்பில், பிறந்த நாளும் கடைசி நாளும் கறுப்பில். தூரத்திலிருந்து பார்த்தால் சுவருக்கு ஒரு சாம்பல் நிறப் பூச்சு போலத் தோன்றும். ஒரு கை தூரத்துக்கு வந்தால்தான் ஒவ்வொன்றும் ஓர் ஆள் என்று தெரியும். ஒரு வரியைத் தேர்ந்து அந்தக் குடும்பத்தை மெதுவாகப் படியுங்கள். 1968ல் ஈரக்கசிவைக் காரணம் காட்டி இதை மூடினார்கள். ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்து எழுத்துகள் அழிந்தே போயின. 1990களில் அத்தனை பெயரையும் மறுபடி எழுதினார்கள். மாடியில் டெரெசின் முகாமிலிருந்த குழந்தைகள் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. பிள்ளைகளோடு போகிறவர்கள் அவற்றை முதலில் தனியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வெளியே வந்தால் பழைய கல்லறை. 1439 முதல் 1787 வரை இந்தச் சிறு நிலத்தில்தான் அடக்கம் செய்தார்கள். இடம் போதாமல் மண்ணைக் கொட்டி அடுக்கடுக்காகப் புதைத்ததால், சுமார் 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. இதற்குப் பின் நேராக அடுத்த இடத்துக்கு ஓடாதீர்கள். ஆற்றங்கரையில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போகலாம்.

கடிகாரம், இரண்டு முறை

பழைய நகரச் சதுக்கத்தின் வானியல் கடிகாரத்தை 1410ல் கடானைச் சேர்ந்த மிக்குலாஷ் என்பவர் செய்தார். ஒவ்வொரு மணிக்கும் எலும்புக்கூடு கயிற்றை இழுக்க, மேலே இரண்டு சன்னல்களில் பன்னிரு சீடர்கள் வந்து போவார்கள். ஒரு நிமிடம்கூட நீடிக்காது. அதற்காகக் கைபேசியைத் தூக்கிப் பிடித்து நிற்கும் கூட்டம், மணி அடித்ததும் கலைந்துவிடும். நீங்கள் மணி அடித்து ஐந்து நிமிடம் கழித்துப் போங்கள். முகப்பின் அருகே நின்று படிக்க இடம் இருக்கும்.

பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவருக்கு இதைப் படிப்பது கடினமில்லை. நடுவில் பூமி. நீலம் பகல், அதை ஒட்டிய செம்மை விடியலும் அந்தியும், கறுப்பு இரவு. பொன் சூரியனைத் தாங்கிய முள் நாள் முழுவதும் இவற்றைக் கடந்து போகும். ரோமன் எண்கள் இன்றைய மணி. நீலத்தின் மேல் வளைந்து செல்லும் பொற்கோடுகளில் 1 முதல் 12 வரை எண்கள் இருக்கும். அவை சூரிய உதயத்திலிருந்து பகலைப் பன்னிரண்டாகப் பிரிக்கும் மணிகள், கோடையில் நீளும், குளிரில் சுருங்கும். உதயத்திலிருந்து எண்ணுவது நம் நாழிகைக் கணக்கிலும் உண்டு, ஆனால் நாழிகை எப்போதும் 24 நிமிடம். வெளி வளையத்தில் கோதிக் எழுத்தில் உள்ள 1 முதல் 24 வரையான எண்கள் பழைய செக் மணி. அதில் நாள் தொடங்குவது சூரிய அஸ்தமனத்தில்.

உள்ளே சாய்வாகச் சுழலும் வளையம் பன்னிரண்டு ராசிகள். சூரியன் எந்த ராசியில் நிற்கிறது என்று பாருங்கள், பிறகு வீட்டுக் காலண்டரை நினைத்துப் பாருங்கள். பொருந்தாது. இந்தக் கடிகாரத்தில் சூரியன் மேஷத்தில் நுழைவது மார்ச் 20, 21 வாக்கில். நமக்கு மேஷப் பிரவேசம் ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள். இங்கே கணக்கு இரவும் பகலும் சமமாகும் புள்ளியிலிருந்து தொடங்குகிறது. நம்முடையது விண்மீன்களை வைத்து. இரண்டுக்கும் இடையே இப்போதுள்ள சுமார் 24 பாகை விலகலைத்தான் நம் ஜோதிடர்கள் அயனாம்சம் என்கிறார்கள். அந்த இடைவெளியைக் கண்ணால் பார்க்கும்படி ஒரு சுவரில் மாட்டியிருப்பது எனக்குத் தெரிந்து இங்கேதான்.

1945 மே மாதம், போர் முடியும் தறுவாயில், ஜெர்மானியப் படை சுட்டதில் நகர மண்டபம் எரிந்து கடிகாரமும் சேதமானது. 1948ல் திரும்ப ஓடியது. மண்டபத்தின் கிழக்குப் பக்கம் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கும். கோட்டைச் சன்னலில் தொடங்கிய கலகம் தோற்றபின், 1621 ஜூன் 21 அன்று அதன் தலைவர்கள் 27 பேரை இங்கே கொன்றார்கள். காலையில் நின்ற அறையின் கதை முடியும் இடம் இது. எதிரே டீன் தேவாலயத்தில் வானியலாளர் டைக்கோ பிராஹேயின் கல்லறை இருக்கிறது, கதவு திறந்திருந்தால் பாருங்கள்.

பிறகு அஸ்தமன நேரத்தை இணையத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஜூனில் இரவு 9 மணிக்கு மேல், டிசம்பரில் மாலை 4. கோடையில் போனவர்களுக்கு இடையில் சில மணி நேரம் கிடைக்கும். மொட்சார்ட்டின் 'டோன் ஜொவான்னி' 1787ல் முதன்முதலாக அரங்கேறிய எஸ்டேட்ஸ் அரங்கு ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. அங்கே போகலாம், அல்லது விடுதியில் ஒரு தூக்கம் போடலாம். குளிர்காலத்தில் போனவர்களுக்குப் பிங்காஸ் முடிந்ததுமே நேரம் வந்துவிடும்.

அஸ்தமனத்துக்குக் கால் மணி முன்பு மறுபடி கடிகாரத்தின் முன் வந்து நில்லுங்கள். பொற்சூரியன் நீலத்தைவிட்டு, 'ஓக்காசுஸ்' என்று லத்தீனில் எழுதிய செம்மைக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். முள்ளின் முனையில் உள்ள சிறு பொற்கை வெளி வளையத்தில் 24ஐ நெருங்கும். அதைத் தொடும்போது மணியும் அடிக்காது, சீடர்களும் வர மாட்டார்கள். சதுக்கத்தின் மேல் வானம் மட்டும் நிறம் மாறும். அங்கிருந்து ஸ்டாரோம்யெஸ்ட்ஸ்கா நிறுத்தம் ஐந்து நிமிட நடை. மெட்ரோ நள்ளிரவு வரை ஓடும், காலையில் அச்சிட்ட சீட்டும் இன்னும் செல்லும்.